இடப்பக்க வால்வு

ஆறு வாரமாக ஹெட்ஃபோனில் இடப்பக்க ஒலி மங்கிக்கொண்டே வந்தது. இசைத்தட்டில் செல்லோ வாத்தியம் கேட்டது, அதன் வில் நரம்பில் உரசும் சத்தம் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடி வால்வு தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து புது ஜோடி வரவழைத்துப் போட்டேன். அப்போதும் மங்கல்தான். இன்னொரு ஜோடி வரவழைத்தேன்.

இந்த வால்வு ஆம்ப்ளிஃபையரை எனக்கு விற்றவன் யோர்மா, காகித ஆலையில் என் கூட்டாளி. வெள்ளிக்கிழமை உடை மாற்றும்போது கேட்டான்.

"தைஸ்தோ, ரெண்டு வால்வையும் இடம் மாத்திப் போட்டுப் பாத்தியா இல்லையா? கோளாறு வலப்பக்கம் போச்சுன்னா வால்வு. போகலைன்னா வேற எங்கியோ."

"பாத்தேன்," என்றேன். பார்க்கவில்லை.

"நீ தேடிக் கண்டுபிடிக்காத கோளாறா! மூணாம் மெஷினே உன் காதை நம்பித்தான் ஓடுது. செவ்வாய்க்கிழமை காது சோதனை, மறந்துடாத."

இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஓடும் மெஷினின் பேரிங் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டால், அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருடங்களாக அதுதான் என் வேலை. அதற்கு, இரைச்சலுக்காக அணியும் காதுமூடியை ஒரு பக்கம் விலக்க வேண்டும். எப்போதும் இடப்பக்கம். சோதனையில் தவறினால் ஸ்டோர் அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

சனிக்கிழமை ஆம்ப்ளிஃபையரைக் காலையிலிருந்து அணைத்தே வைத்திருந்தேன். சூட்டோடு வால்வைத் தொடக்கூடாது. குளிர்காலம், பிற்பகல் மூன்று மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. சமையலறையில் என் மனைவி ரைலி ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வால்வுகளை லேசாக அசைத்து மேல்நோக்கி உருவினேன். இடப்பக்கத்து வால்வை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்து வால்வை இடப்பக்கத்திலும், கால்கள் துளைகளுக்கு நேராக நிற்கும்படி, அழுத்தாமல் இறக்கினேன். ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, மின்சாரம் கொடுத்து, மூன்று நிமிடம் காத்திருந்தேன். இழைகள் ஆரஞ்சாகச் சிவந்தன. ஹெட்ஃபோனைச் செருகி அதே செல்லோ இசைத்தட்டை ஓடவிட்டேன், ஹெல்சிங்கியில் பதிவானது.

மங்கல் இடப்பக்கமே இருந்தது.

ஒரு வழி மிச்சமிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி, பக்கம் மாற்றி அணிந்துகொண்டேன். இப்போது வலப்பக்க ஒலி என் இடது காதில்.

மங்கல் நகரவில்லை.

இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடிந்து ஊசி தானாக மேலெழும்பியது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் இரண்டு ஜோடி வால்வு வாங்கினேன் போலும்.

"ரைலி, கொஞ்சம் வந்து கேளேன்."

"அடேயப்பா. பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு அழைப்பு," என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மாவு படாமல் ஹெட்ஃபோனை அவள் தலையில் நானே மாட்டிவிட்டு, இசைத்தட்டை முதலிலிருந்து வைத்தேன்.

"இடப்பக்கம் கம்மியா இருக்கா?"

"இல்லையே. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"வில்லு உரசுறது?"

"நல்லாக் கேக்குது. வாசிக்கிறவர் மூச்சு விடுறதுகூடக் கேக்குதே, தைஸ்தோ."

முன்பெல்லாம் எனக்கும் கேட்கும். அது இல்லாமல் போனதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

அவள் ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றி என்னைப் பார்த்தாள். நான் ஒலியைக் குறைத்து, செருகியை உருவி, மின்சாரத்தை அணைத்தேன். வால்வுகளைப் பழைய இடத்துக்கு மாற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இழைகள் கறுக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்கு அடுக்ககத்தின் பொது நீராவிக் குளியலறையான சானாவில் எங்கள் முறை. துண்டுகளோடு படியிறங்கும்போது ரைலி கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை என்ன பண்ணப் போற?"

"கேட்டா பொத்தானை அமுக்குவேன். கேக்கலைன்னா அமுக்க மாட்டேன்."

"ஸ்டோர்ல நாற்காலியாவது இருக்கும்."

"இருக்கு. ஒரு கால் ஆடும்."

அதன்பின் அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. நான் திரும்பியதும் அவள் ஒரு படி நின்று, என் வலப்பக்கம் மாறி வந்து, அதையே இன்னொரு முறை சொன்னாள். சோப்பு எடுத்தியா என்பதுதான்.