மூன்றாவது ஈடு

டிரையர் நன்றாகத்தான் ஓடியது. ஜோலீனுக்கு அதுதான் எரிச்சல். அமெரிக்காவின் டொலீடோ நகரில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் துணி உலர்த்தும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவள் அவள். கெட்டுப்போன இயந்திரத்தைச் சமாளித்துவிடலாம், ஆள் வந்ததும் யோக்கியன் வேஷம் போடும் இயந்திரத்தை என்ன செய்வது? கேஸ் பற்றிக்கொண்டது, வெளிக்குழாயில் காற்று சூடாக வந்தது, பஞ்சு அடைப்பும் இல்லை. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறையில்லை என்று எழுதிக் கொடுத்துப் போயிருந்தார்கள்.

"நீங்களும் அதையே எழுதுங்க," என்றார் வெண்டல். எண்பத்தொரு வயது, அந்த வீட்டில் தனியாள். "என் பொண்ணுக்கு இன்னும் வசதியாப் போயிடும்."

"அவங்களுக்கு இதுல என்ன?"

"முதியோர் இல்லத்துக்கு ஃபாரம் வாங்கி வச்சிருக்கா மார்ஷா. நல்லா ஓடுற மெஷினை ஓடலைங்கறார், அப்பாவுக்கு மூளை தடுமாறுதுன்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வருவா. ஒரு ஈடு போடுவா, காஞ்சிடும். அப்புறம் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு." குரல் இறங்கியது. "சில நேரம் எனக்கே சந்தேகம் வருதும்மா."

ஜோலீனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் குடைச்சல்.

"எந்தத் துணி காயலை?"

"துண்டு."

"துண்டு கனம். நேரமாகத்தான் செய்யும்."

"இதையும் மார்ஷா சொல்லிட்டா."

"எப்பப் போடுவீங்க துண்டை?"

எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமை வெளுப்பு. முதல்ல வெள்ளை, அப்புறம் கலர், கடைசியாத் துண்டு. எல்லாரும் அப்படித்தானே?"

எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்ததால் அவர் சொல்லவில்லை. வந்தவர்களும் கேட்கவில்லை. அன்றும் திங்கட்கிழமை, துவைத்த ஈரத்துணி மூன்று கூடைகளில் இருந்தது. ஜோலீன் அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டுக்காரரிடம் நாளைக்கு வருகிறேன் என்று ஃபோனில் சொன்னாள்.

"இன்னிக்குத் தலைகீழாப் போடுவோம். துண்டு முதல்ல, வெள்ளை கடைசியா."

அடித்தகட்டைக் கழற்றிவிட்டு, பர்னருக்கு நேரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். பற்றவைக்கும் கம்பி சிவக்கும், டக்கென்று வால்வு திறக்கும், நீலச் சுடர் எழும். துண்டுகள் மொறுமொறுவென்று காய்ந்தன. கலர் துணியும் காய்ந்தது. வெண்டலின் முகம் சுருங்கிப் போயிற்று. ஜோலீன் ஆற விடாமல் உடனே வெள்ளையைப் போட்டாள்.

இரண்டு முறை சுடர் வந்தது. மூன்றாவது முறை கம்பி சிவந்தது, அணைந்தது. டக் சத்தம் இல்லை. மறுபடி சிவந்தது, அணைந்தது.

"சார், இங்க வந்து பாருங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார் வெண்டல்.

"துண்டுங்கறதால இல்ல, மூணாவதாப் போடுறதாலதான் காயலை. வால்வைத் திறக்கிற சுருள் சூடேறினதும் கைவிரிச்சிடுது. ஆறிட்டா மறுபடி நல்ல பிள்ளை. ஒரு ஈடு போட்டுப் பாக்கிறவங்ககிட்ட இது மாட்டவே மாட்டாது."

கம்பி சிவந்து அணைவதை அவர் நான்கு தடவை பார்த்தார். ஓடாத இயந்திரத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை ஜோலீன் கண்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் பெட்டியிலிருந்து புதுச் சுருளை எடுத்தாள். கால் மணி நேர வேலை. வெண்டல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப மாட்டாதீங்கம்மா."

"ஏன்?"

"மாட்டிட்டா மறுபடி நல்லா ஓடும். அவ வந்து பாத்துட்டு மறுபடி சிரிப்பா."

"நான் ஃபோன்ல சொல்றேனே."

"ஆறு மாசமா நானும்தான் சொன்னேன்."

ஜோலீன் சுருளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"பன்னெண்டரை."

"அப்ப இந்த வாரம் நீங்க சர்ச்சுக்குப் போக வேணாம். பதினொரு மணிக்கே முதல் ஈடைப் போட்டுடுங்க, அவங்க வரும்போது மூணாவது ஓடணும். நான் பன்னெண்டுக்கு வந்துடுறேன்."