பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும்

பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பாட்டு என்றால் உயிர் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவனைப் பிடித்துவந்து கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை வரைக்கும் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டச் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் வரிசையாக ஸ்பீக்கர்கள், பின் சீட்டுக்கு அடியில் நெஞ்சுக்கூட்டைக் குலுக்கும் பெட்டி ஒன்று, இடது கைப்பக்கம் மூடிக்கு அடியில் நாள் முழுக்க உறுமும் எஞ்சின். போதாததற்கு ஏர்ஹாரன். அவன் வண்டியை விட்டு இறங்கும்போது பாட்டு என்ற சொல்லே பிடிக்காமல் போயிருக்கும்.

ஆத்மநாதனுக்குப் பிடிக்காமல் போகவில்லை. அலுப்புதான் வந்தது. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. விடியற்காலையில் வண்டியை எடுத்தால் பிற்பகலில்தான் மாற்று டிரைவர் கையில் சாவியைக் கொடுக்க முடியும். ஆவுடையார்கோவிலில் இருக்கும் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, காப்பியைக் குடித்துவிட்டு முன்னறைப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. எதிர்ச்சுவர் ஓரம் இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு பழைய பாட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எல்லாம் சரியாக அமைந்தால் இரண்டு பெட்டிகளும் காணாமல் போய்விடும். நடுவில் வெறும் சுவர் இருக்கிற இடத்தில் பாடுகிற அம்மாள் வந்து நிற்பார். அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெம்பு இருக்காது என்றே அவர் நம்பினார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. சித்திரையில் விழுந்த ஒரு இடியில் பழைய ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிட்டது. பல வருஷம் உழைத்த பெட்டி அது. இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற பேலன்ஸ் திருகின் தலை எப்போதோ கழன்று விழுந்து, வெறும் தண்டுதான் நீட்டிக்கொண்டிருக்கும். ஆத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்டை விரல் நுனியால் திருகுவார். அம்மாள் நடுவுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவார். கண்ணால் பார்த்துத் திருகுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்பது அவர் கட்சி.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினால் ஊரே வாட்ஸ் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போதுமான சத்தத்தைப் பத்துக்குப் பத்து அறைக்கு விற்கிறார்கள். முகப்பில் நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடுகிறது. சுவிட்சைப் போட்டால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வரவேற்கிறது. நல்ல சாமான் இல்லாமலில்லை. ஆனால் அதன் விலையைக் கேட்டால் வீட்டுக்குப் பூச்சு பூசுவதைத் தள்ளிப்போட வேண்டும். அறந்தாங்கியில் ஆடியோ கடை வைத்திருக்கும் கார்த்திகேயன்தான் அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தான்.

“எத்தன வாட்ஸ்ல பாக்கலாம்ணே?”

“வாட்ஸ் கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் சமமா வருமா, அத சொல்லு.”

முதலில் கொடுத்தது கடையிலேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஆம்ப்ளிஃபையர் பெட்டி. பாட்டு மூச்சு விடும் இடத்திலெல்லாம் உள்ளேயிருந்து வண்டு ஒன்று ரீங்காரம் போட்டது. திருப்பிக் கொடுத்தார். அடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதைப் பார்த்து முதலில் சிரித்தார். கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த விலைக்கு அப்படி ஒரு தெளிவு. பேலன்ஸைத் திருகி அம்மாளை நடுவில் நிறுத்தி, நிம்மதியாகக் கேட்டார். மறுநாள் வந்து உட்கார்ந்தால் அம்மாள் வலது பெட்டிப் பக்கம் நகர்ந்து போயிருந்தார். மறுபடி திருகி நடுவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நாளும் அதே கதை.

“சூடு ஆறுனா ஒரு பக்கமா சாயுதுய்யா இது” என்று கடையில் கொண்டுபோய் வைத்தார்.

கார்த்திகேயன் அதை இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் சாயவில்லை. ஆனாலும் பழகிய மனுஷர் என்று வாயை மூடிக்கொண்டு, திருச்சியிலிருந்து வந்த ஒரு பழைய பெட்டியை எடுத்துக் கொடுத்தான். வெள்ளி நிற முகப்பு, பெரிய பெரிய திருகுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெள்ளைக் கோடு.

“ஒங்க பட்ஜெட்டுக்கு இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்லண்ணே. இதுவும் சாஞ்சிச்சுன்னா நான் கடைய சாத்திட்டு ஒங்க பஸ்ஸுல கிளீனரா வந்துடுறேன்.”

அதுவும் சாய்ந்தது. நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் கைக்கெட்டும் தூரத்தில் அதை வைத்திருந்தார். தினமும் திருகினார். தினமும் அம்மாள் நகர்ந்தார். வெளியே உழைத்துக் களைத்து வந்து இதையும் ஒரு வேலையாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் பாதி அந்தத் திருகோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது.

அந்த வாரம்தான் நாகுடி நிறுத்தத்தில் அது நடந்தது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. மீன் விற்கிற செவந்தி பின்வாசலில் இறங்கியதும் கண்டக்டர் முத்துக்குமார் இரண்டு விசில் கொடுத்தான். அவளுடைய அன்னக்கூடை படியில் மாட்டிக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தான். உடனே ஒற்றை விசில் ஊதினான். வண்டி நிற்கவில்லை. செவந்தி கூடையை விடவில்லை. பிழைப்பு அதில்தானே இருக்கிறது. கூடையோடு இழுபட்டு ரோட்டில் விழுந்தாள். ஆட்கள் வண்டியின் தகரத்தில் அடித்துக் கத்திய பிறகே ஆத்மநாதன் பிரேக்கை மிதித்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்து ரத்தம். ரோடு முழுக்க மத்தி மீன்.

“காதுல ஈயத்தக் காச்சியா ஊத்தி வச்சிருக்க? எம்புட்டு விசிலு ஊதுது அந்தப் புள்ள!” என்று கீழே உட்கார்ந்தபடியே செவந்தி கத்தினாள்.

ஆத்மநாதன் இறங்கி வந்து பார்த்தார். ரத்தத்தைப் பார்த்த பயத்தை முத்துக்குமார் மேல் கோபமாக இறக்கினார்.

“ஒழுங்கா ஊதுனா என்னடா? வாயில தெம்பில்லையா?”

“கன்னம் வலிக்க ஊதுனேண்ணே.”

“அப்ப மொதல்ல அந்தப் பாட்ட அமத்து. எவனுக்கு என்ன கேக்கும் இந்த எரைச்சல்ல?”

டிரைவர் சொன்னால் வண்டியில் அதுதான் சட்டம். அன்றிலிருந்து பஸ்ஸில் பாட்டு இல்லை. முத்துக்குமார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். இன்னொரு புதுப் பழக்கத்தையும் தொடங்கினான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, அவர் தோளைத் தட்டினான். வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறான் பயல் என்று ஆத்மநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவருக்கு முறை ஓய்வு. பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் பாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடலாம் என்ற முடிவோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி ராஜலட்சுமி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அன்றும் ஏதோ கூட்டமென்று கிளம்பிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அவசரத்திலும் துணியை எடுத்து டிவி, ஸ்பீக்கர், முக்காலி என்று தூசி தட்டிக்கொண்டே வந்தாள். ஆம்ப்ளிஃபையரின் முகப்பைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, பேலன்ஸ் திருகின் வெள்ளைக் கோடு நேரே மேலே பார்க்கும்படி இரண்டு விரலால் திருப்பி வைத்தாள்.

“ஏய், என்ன செய்யிற?”

“என்ன செஞ்சேன்?”

“அதத் திருப்புன பாரு.”

“ஆமா, தெனமும் கோணலா கெடக்கு. மத்ததெல்லாம் நேரா இருக்கயில இது மட்டும் இளிச்சுக்கிட்டு நிக்கிது. நேரா வைக்கிறேன்” என்றாள் அவள். “போன பெட்டியிலயும் இப்படித்தான் கெடந்துச்சு.”

ஆத்மநாதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா என்றும் இருந்தது. பெட்டியில் கோளாறில்லை! பாவம் கார்த்திகேயன், இரண்டு நாள் உட்கார்ந்து நல்ல சாமானுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறான்.

“கோணலா இருந்தாத்தான் பாட்டு நேரா வரும். இரு, காட்டுறேன்” என்று பாட்டைப் போட்டார். கண்ணை மூடி, திருகை இடது பக்கம் நகர்த்தி, அம்மாளை நடுவில் நிறுத்தினார். எழுந்து அவளை உட்காரச் சொன்னார்.

“எனக்கு நேரமாச்சுங்க.”

“ஒரு நிமிஷம். கண்ண மூடிக்க. பாடுறவங்க எங்கிட்டு நிக்கிறாங்கன்னு வெரல நீட்டு.”

விளையாட்டுக்கு இணங்குகிறவள் மாதிரி அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் இடது பெட்டியைக் காட்டியது.

“நல்லா கேளு, ராஜி.”

“நல்லாத்தான் கேக்குறேன். அந்தப் பொட்டிதான் பாடுது. இங்கிட்டு இருக்கிறது சும்மா நிக்கிது.”

அவர் திருகைப் பிடித்து வெள்ளைக் கோட்டை நேரே மேலே கொண்டுவந்தார். அவள் விரல் தானாக நகர்ந்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே வெறும் சுவரைக் காட்டியது. “இந்தா, இப்ப நடுவுக்கு வந்துட்டாங்க” என்றாள். அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது போலும், கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.

ஆத்மநாதன் அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். திருகு நேராகத்தான் இருந்தது. அம்மாள் வலது பக்கம் நின்றார். சற்று யோசித்துவிட்டு நாற்காலியைத் தூக்கி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியில்தான் கோளாறென்றால் அம்மாள் இப்போது இடது பக்கம் போயிருக்க வேண்டும். கண்ணை மூடினார். அம்மாள் அவரோடு கூடவே திரும்பி வந்து வலது பக்கமே நின்றார்.

அவர் வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. போனை எப்போதும் வலது காதில்தான் வைக்கிறோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று ராஜலட்சுமி சொல்லிச் சிரிப்பதும் நினைவுக்கு வந்தது. தலை கழன்ற அந்தப் பழைய தண்டை வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திருகிக்கொண்டே வந்திருக்கிறார். வெறும் தண்டில் கோடு ஏது, அவள் நேராக்கி வைப்பதற்கு? இடது காது, எஞ்சின் பக்கத்துக் காது. கண்ணைத் திறந்தபோது ராஜலட்சுமி இடது பக்கம் நின்று, வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்கிட்டு வந்து சொல்லு” என்றார்.

“என்னங்க ஆச்சுன்னு மூணு தரம் கேட்டுட்டேன்.”

அவருக்குப் பயமாக இருந்தது. செவந்தி கூடையை விடாமல் இழுபட்டது கண்ணில் வந்து நின்றது. இன்னும் நாலடி இழுத்திருந்தால் உயிரே போயிருக்கும். அன்றைக்குத் திட்டியதற்கும், பல்லைக் கடித்ததற்கும் வெட்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு களைப்பு. நாள் முழுக்க ஓட்டிவிட்டு வருகிற களைப்பு அல்ல அது. இனி ஓட்ட முடியாது என்பதன் களைப்பு.

முதலில் கார்த்திகேயனைக் கூப்பிட்டார். “பெட்டி நல்ல பெட்டிய்யா. நானே வச்சிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அடுத்து பஸ் முதலாளி. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“இத எதுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு? பாட்டத்தான் நிறுத்தியாச்சுல்ல, ஓட்டுங்க. வயசானா யாருக்குத்தான் கேக்குது?”

வேலை கையில் இருந்தது. சரி என்ற ஒரு சொல் போதும். ஆத்மநாதன் போனை வலது காதில் அழுத்திக்கொண்டார்.

“பாட்ட நிறுத்தியும் எனக்கு விசில் கேக்கல மொதலாளி. அந்தப் பய வந்து வந்து தட்டித்தான் வண்டி நிக்கிது. நான் காதக் காட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் வேற ஆளப் போடுங்க.”

மூன்றாவதாக முத்துக்குமார். “ஒன் விசில் நல்ல விசில்தாண்டா” என்றார். “தெரியும்ணே” என்றான் அவன்.

புதுக்கோட்டையில் டாக்டர் ஒருவர் காதுக்குள் பார்த்து, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரிசோதித்து, நரம்பு தேய்ந்துவிட்டது, இனித் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். முதலாளி யோசித்து, அறந்தாங்கி ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்துதான். அதுவரைக்கும் வீடுதான்.

விடிந்ததும் எங்கும் போக வேண்டியிராத முதல் நாள். ஆத்மநாதன் பாட்டுப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேலன்ஸ் திருகை அவரே நேராக வைத்திருந்தார். அதுதானே சரி, ஊருக்கெல்லாம் நடு அதுதானே. ராஜலட்சுமி துணியோடு வந்தாள். டிவியைத் துடைத்தாள், ஸ்பீக்கர்களைத் துடைத்தாள், முக்காலிக்கு வந்தாள். முகப்பைத் துடைத்து முடித்ததும் அவள் விரல்கள் பேலன்ஸ் திருகுக்குப் போயின. வெள்ளைக் கோடு நேராக நிற்பதைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

அப்புறம் அதை இடது பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, வலது பக்கமாக வந்து நின்று கேட்டாள்.

“இம்புட்டு போதுமாங்க, இன்னும் கொஞ்சம் தள்ளணுமா?”