ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்

"இருபது புள்ளையையும் நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா."

கேட்டே விட்டேன். இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையைக் கூட்டிக் கழுவுவது அவள்தான். டிஸ்பென்சர் கந்தப்பன் ஐயா முகம் சுளித்தால் மறுபடி கொழுந்துக் கூடையோடு மலையேற வேண்டும், அந்த வீங்கிய முழங்காலோடு.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு எடுத்தா என்னம்மா? புள்ள வெளிய வந்துச்சுல்ல?"

"கொழும்புல கேப்பாங்க."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மிஷன் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை தேறிய முதல் ஆள் நான். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சி, பிறகு தோட்டத்தில் ஒரு வருட வேலை, இரண்டும் முடிந்துவிட்டன. மிச்சமிருந்தது கொழும்பில் மருத்துவச்சிப் பரீட்சை. மூன்று டாக்டர்மார் முன்னால் நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். கொடி கழுத்தில் சுற்றியிருந்தால் என்ன செய்வாய்? ரத்தம் நிற்காவிட்டால்? கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கும்போதும் பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் நான் பதில்களை முணுமுணுத்ததில், படித்த பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று லயமே பேசியது. பேசட்டும். பதில்கள் என்னிடம் இருந்தன. இருபது பேறுகாலம் தனியாகப் பார்த்ததற்கான அத்தாட்சிதான் இல்லை. விண்ணப்பம் போய்ச் சேர ஒன்பது நாள் இருந்தது.

கந்தப்பன் ஐயா பதிவேட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"பாத்துக்க. இருபதும் என் பேருல இருக்கு. இப்ப மாத்தினா தோட்டத்துத் தொர என்னைய என்னா நெனைப்பாரு? இன்னும் ரெண்டு வருசம் என்கிட்ட வேல பாரு, அப்புறம் யோசிப்போம்."

ஒரு பேறுகாலத்துக்குக்கூட அவர் லயத்துப் பக்கம் வந்ததில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது, பிள்ளை பெற்றவளின் புருஷன் கங்காணியிடம் சொல்வான். கங்காணி இவரிடம் சொல்வார். இவர் அன்றைய தேதியைப் போட்டுத் தன் பேரை எழுதிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது.

"இதுல ஒரு புள்ளகூட ஞாயித்துக்கெழம பொறக்கலையே. ஏங்கய்யா?"

வெற்றிலை வாய்க்குப் போகாமல் நின்றது.

என் நோட்டை விரித்து வைத்தேன். தாயின் பெயர், நாள், பிள்ளை அழுத நேரம். ஐந்து பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவை. அவர் பதிவேட்டில் ஐந்தும் திங்கட்கிழமை.

"மாரியாயி புள்ள ஞாயித்துக்கெழம மத்தியானம் பொறந்துச்சு. நீங்க அப்ப கொஸ்லந்தையில கல்யாணச் சோறு தின்னுக்கிட்டு இருந்தீங்க."

"மெரட்டுறியா இராக்கம்மா? ஒங்காத்தா வேலைய நெனைச்சுப் பேசு."

அம்மா வாசலில்தான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர் வாயைப் பார்த்தே இவள் கூனிப்போனாள். நானும் கூனினால் இன்னும் இரண்டு வருடம். அதற்கப்புறம் இன்னும் இரண்டு.

"நீங்க கையெழுத்துப் போட வேணாங்க. பதுளை டாக்டர்கிட்ட வாங்கிக்கிறேன்."

"வெறும் நோட்டக் காட்டியா?" அவர் சிரித்தார்.

நான் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினேன்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். பதுளைக்கு ரயில் வராத காலம், ஹாலிஎல வழியாக நடைதான். மருந்துச்சாலைக்குக் கீழே பாதையோர மதகில், துவைத்த சேலை கட்டி, மடியில் பிள்ளைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்ல வரும்படி முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெற்ற ஐந்து பேரில் மூன்று பேர் வந்திருந்தார்கள்.

"போட்டாரா?" என்றாள் மாரியாயி.

"இல்ல."

"தெரிஞ்சதுதான. டாக்டரு கேட்டா என்னா சொல்ல?"

"நடந்ததச் சொல்லு."

"வலியெடுத்தப்ப நீ என்னைய வைஞ்சதையும் சொல்லவா?"

"அதையும் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையை இடுப்புக்கு மாற்றினாள். நடக்கத் தொடங்கினோம். பின்னால் துடைப்பச் சத்தம் நின்றுபோனது. நான் திரும்பவில்லை. மாரியாயியின் தோளுக்கு மேலே அந்தப் பிள்ளைதான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மருந்துச்சாலை வாசலையே பார்த்துக்கொண்டு வந்தது.