உப்பு ஒத்தடம்

ஏலக்கொட்டகையில் வாய் இல்லாதவளுக்கு மீன் கிடைக்காது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு வந்து கூடை இறங்கும்போது, நாலு பேரை இடித்துக்கொண்டு முன்னால் போய் விலை கேட்கத் தெரியவேண்டும். எனக்குத் தெரியும். அஞ்சலாட்சி வாயைத் திறந்தால் ஆம்பளைகளே ஒதுங்கிப் போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. போன வாரம் வரைக்கும் அதைப் பெருமையென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி பாவாடைக்கு வயிற்றில் புற்று. ஆபரேஷனுக்கு வழியில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலை இழுத்து இழுத்து முறுக்கேறிய உடம்பு பாயோடு ஒட்டிக் கிடந்தது. அவன் முனகுவது அடுத்த தெருவிலிருக்கிற என் வீட்டுக்கே கேட்கும். ஆனால் இந்த மாதம் முனகல் இல்லை. கொஞ்சம் சோறு தின்றான், வந்தவர்களோடு பேசினான். அவன் பொண்டாட்டி நிர்மலாவைக் கேட்டேன்.

"என்னடி, மாத்திரை ஏதாவது மாத்திக் குடுத்தாங்களா?"

"இல்ல அண்ணி, அதே தான்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்கு ஏலத்துக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு நாள் நிர்மலா மீன் விற்க லாஸ்பேட்டைப் பக்கம் போயிருந்தாள். தம்பிக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டதென்று சொன்னான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், தோள்பட்டைக்குக் கீழே கண்ணாடிக் காகிதம் போல ஒரு சின்ன பிளாஸ்திரி.

"என்னடா இது?"

"வலிக்கு ஒட்டுறதுதான்க்கா. வுடு."

இவ்வளவுதானா என்றிருந்தது. கூடை தூக்கித் தூக்கி இடுப்பு போனவள் நான். மெடிக்கலில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொள்ளாத நாளில்லை. எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அதை ஒட்டிக்கொண்டு, மேலே உப்பு ஒத்தடம் வைப்போம். சூடு பட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும் என்பது எங்கள் கணக்கு. கல்லுப்பை வாணலியில் வறுத்தேன், துணியில் முடிந்தேன், பிளாஸ்திரிக்கு மேலேயே வைத்து வைத்து எடுத்தேன். ஆறினால் மறுபடியும் வறுத்தேன்.

"எதமா இருக்குக்கா" என்றான். கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிட்டது. போர்வையால் மூடி, சுடச்சுட உப்பு முடிச்சை முதுகுக்கு அண்டக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்யாததை என் கை செய்துவிட்டது என்று கர்வம் வேறு.

நிர்மலா வெயிலில் கூடையோடு வந்தாள். "இன்னுமா தூங்கறாரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். குறட்டை ஒரு மாதிரி வந்தது. ஒரு மூச்சு இழுக்கும், நின்றுவிடும், அடுத்தது வராதோ என்று நினைக்கும்போது வரும். உதடு நீலம் பாரித்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், கண்ணைத் திறக்கவில்லை.

நிர்மலா உப்பு முடிச்சைப் பார்த்தாள். "அண்ணி, இதும் மேலயா சூடு வெச்சீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்து, ஒட்டுகிற பக்கம் உள்ளே போகும்படி மடித்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். மனுஷன் கிடக்கிற கிடப்பில் இவளுக்குப் பிளாஸ்திரி மடிக்கிற வேலையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுச் சந்திரகலாதான் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தாள். மூன்று பேருமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சின்ன வயசு டாக்டரம்மா. தம்பியின் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்மணி ரொம்பச் சுருங்கியிருக்கு. என்ன மருந்து குடுத்தீங்க? சீக்கிரம் சொல்லுங்க."

நிர்மலா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்ற சந்திரகலாவைப் பார்த்தாள்.

"கேஸ் மாத்திரை தான்" என்றாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

சுருக்குப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் எதையோ மறைக்கிறாள்.

"அந்தப் பிளாஸ்திரிய எடுத்துக் காட்டுடி."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு அண்ணி."

"மொதல்ல அவன் மூச்சு வுடட்டும்டி."

சுருக்கை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதிலிருந்த எழுத்தைப் படித்தார். "ஃபென்டனில். இதுக்கு மேல சூடு ஏதாவது பட்டுதா?"

"நான் தாம்மா உப்பு ஒத்தடம் குடுத்தேன். ரொம்ப நேரம் குடுத்தேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூக்குக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், கை நரம்பில் ஊசி போட்டார்கள், மறுபடியும் போட்டார்கள். தம்பியின் மார்பு ஏறி இறங்க ஆரம்பித்தது. பிறகு அவன் முனகினான். மருந்தை முறிக்கிற ஊசி, அதனால் வலி திரும்பிவிட்டது என்றார்கள். அந்த முனகலைக் கேட்டு நான் சாமி கும்பிட்டேன்.

சாயந்திரம் தேவிப்பிரியா வந்தாள். தம்பியை வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ்.

"மூணு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டிய மருந்தும்மா இது. சூடு பட்டா மொத்தமா எறங்கிடும், மூச்சையே நிறுத்திடும். ஒத்தடம், வெந்நீர்ப் பை, எதுவும் வெக்கக் கூடாது. கடையில வாங்கற பிளாஸ்திரி வேற, இது வேற. மார்ஃபின் சாதி. அளவாப் போட்டா அவருக்கு இத விட்டா நல்ல மருந்து இல்ல, போதையும் இல்ல." அப்புறம் நிர்மலா பக்கம் திரும்பினாள். "கூட இருக்கற எல்லாருக்கும் சொல்லி வைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே."

நர்ஸ் போனதும் நான் நிர்மலாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, கூடப் பொறந்தவ எங்கிட்டயுமா மறைப்ப? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் உப்ப வறுத்திருப்பனா? என் கையாலயே அவனக் கொன்னுருப்பேன்டி."

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "சந்திரகலா அக்கா வூட்டுக்காரரப் பத்தி ஏலக்கொட்டாய்ல நீங்க சொன்னப்ப நானும் அங்க தான இருந்தேன் அண்ணி."

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது, மறந்திருந்தால் அல்லவா. சந்திரகலா புருஷன் இராமதாஸ் படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். வலிக்கு டாக்டர் பெரிய மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே புகுந்து, "சாராயம் பத்தலைன்னு மாத்திரையில ஏத்திக்கறாரா உன் வூட்டுக்காரரு?" என்றேன். கொட்டகையே சிரித்தது. சந்திரகலா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த கூடைக்கு விலை கேட்கப் போய்விட்டேன்.

"அதுக்கப்புறம் தான் இவருக்கு இந்தப் பிளாஸ்திரி குடுத்தாங்க" என்றாள் நிர்மலா. "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா ஏலக்கொட்டாயே சிரிக்கும், சொல்லாதன்னாரு."

சாகக் கிடந்த தம்பி புற்றுக்குப் பயப்படவில்லை, என் வாய்க்குப் பயந்திருக்கிறான். அவன் கட்டில் பக்கம் போக முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி வீடு திரும்பிய பிறகு ஏலத்துக்குப் போனேன். போன உடனே செல்வாம்பாள் கேட்டாள், "உன் தம்பிய ஆட்டோல தூக்கினு போனீங்களாமே, என்னா ஆச்சு?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் தானாகச் சொன்னது, "கேஸுடி. நெஞ்சுல கேஸ் அடச்சிக்கிச்சு."

பக்கத்தில் சந்திரகலா சங்கரா மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கேட்டவள். இப்போது அவள் வாயைத் திறந்தால் என் மானம் போகும், போகட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று நின்றேன்.

"ஆமா, கேஸு தான். நான் கூடத் தான போனேன்" என்றாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. குனிந்து அவளிடம் கேட்டேன், "உன் வூட்டுக்காரருக்கு இப்ப வலி எப்படிடி இருக்கு?"

"அந்த மாத்திரையத் தான் கொட்டாயே சிரிச்ச அன்னைக்கே தூக்கிப் போட்டாரே. பல்லக் கடிச்சினு கெடக்கறாரு."

கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "கேஸ் இல்ல செல்வாம்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் "என்னா?" என்றாள். அப்புறம் ஏலத்தில் விலை கேட்கிற குரலில் சொன்னேன். "என் தம்பிக்கு மார்ஃபின் சாதி மருந்து. டாக்டர் குடுத்தது. நான் தான் தெரியாம அதும் மேல ஒத்தடம் வெச்சு அவன சாவடிக்கப் பாத்தேன்."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். நான் சொல்லிக்கொடுத்த சிரிப்புதான் அது.