கொடியில் இருந்த போர்வை

நொக்வேசி அந்தச் சாம்பல் நிறப் போர்வையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததும் நோமலங்காவின் கை நின்றுவிட்டது. பாதி சீவிய பூசணித் துண்டு அப்படியே கத்தியோடு இருந்தது.

"அக்கா, இது இன்னுமா உங்கிட்ட இருக்கு?"

"நீ திருப்பிக் கொடுத்ததுலேர்ந்து பெட்டிக்கு அடியில கெடந்துச்சு. அவரு கல்லறைக் கல்ல இன்னிக்கு இதாலதான் மூடி வைக்கப்போறோம். மூடுன துணிய எடுக்கப்போறது நீ."

"நானா? உன் பிள்ளைங்க இருக்காங்களே."

"அதுங்க அப்பாவ போட்டோல மட்டும் பாத்ததுங்க. மூணு வருஷம் முற்றத்துல நின்னு எங்களக் காத்தவ நீதான். வீட்டுல எல்லாரும் பேசி முடிச்சாச்சு, வாய மூடு."

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லு. பீப்பாய்ல பீர் பொங்கி வழியுது, அங்க நிக்கிறவளுக்கு மூடியப் பிடிக்கக்கூடத் தெரியல." நொக்வேசி சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இருபத்தேழு வருஷமாக நோமலங்கா சொல்ல வருவதும் யாராவது சிரித்துக்கொண்டே போய்விடுவதும் இப்படித்தான் நடந்தன. அவள் உண்மையில் சொல்ல வந்ததே இல்லை, அவர்கள் போகட்டும் என்றே காத்திருந்தாள்; அதுவும் அவளுக்குத் தெரியும்.

நொக்வேசியின் கணவர் மலுசி ந்தாமோவை சினேதெம்பா குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குலப்பெயரால் 'ராடெபே' என்றுதான் சொல்வார்கள். வெள்ளையர்களுக்கு முன்பக்கம், கறுப்பர்களுக்குப் பின்பக்கம் என்றிருந்த பஸ்ஸில் ஏறாமல் நான்கு மாதம் ஊரையே நடக்க வைத்தவர். அதற்குப் பிறகுதான் அவர்மேல் நிறவெறி அரசின் தடை உத்தரவு வந்தது. கூட்டம் கூட்டக் கூடாது, எழுதக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளோடுதான் இருக்கலாம். மூன்றாவது தலை தெரிந்தால் சிறை. "என் வீட்டுல கல்யாணம் நடந்தா மாப்பிள்ளைய மட்டும் உள்ள விட்டுட்டுப் பொண்ண வேலிக்கு வெளிய நிறுத்தணும்" என்று அவரே கேலி பேசுவார்.

வருகிறவர்கள் ஒவ்வொரு அறையில் ஒவ்வொருவராக உட்கார்ந்திருப்பார்கள். அவர் அறை அறையாகப் போய்ப் பேசுவார். போலீஸ் கார் தெருவில் இல்லாதபோது மட்டும் எல்லோரும் ஒரே அறைக்கு வருவார்கள். காரைப் பார்த்துச் சொல்வது பக்கத்து வீட்டு நோமலங்காவின் வேலை. அவள் நகரத்து வெள்ளைக்காரர்களின் துணிகளை வெளுப்பவள், அவள் வீட்டுக் கொடி எப்போதும் நிறைந்திருக்கும். ராடெபே வீட்டிலிருந்து ஒரு சாம்பல் போர்வையை வாங்கி வைத்திருந்தாள். அது கொடியில் தொங்கினால் கார் இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் பயமில்லை.

அவர் பிடிபட்ட அன்று கார் தேவாலயத்துக்குப் பின்னால் நின்றது. அவள் பார்த்தாள், போர்வையைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மழை வந்துவிட்டது. கொடியில் ஒரு நகரத்துச் சீமாட்டியின் எட்டுப் படுக்கை விரிப்புகள். செம்மண் தெறித்தால் வேலை போய்விடும். ஓடினாள். இரண்டு கையாலும் வாரி இழுத்தாள். விரிப்புகளோடு போர்வையும் வந்துவிட்டது.

வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரித்தபோதுதான் கையில் அந்த முரட்டுக் கம்பளி பட்டது. அதற்குள் வெளியே பூட்ஸ் சத்தம்.

கொடியில் போர்வை இல்லாததைப் பார்த்து ஒரே அறைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ராடெபே, வெளியூர் ஆசிரியர் ஒருவர், செருப்புத் தைக்கும் டெம்பிள்டன். ஆசிரியருக்கு இரண்டு வருஷம். டெம்பிள்டனை இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். ராடெபே எட்டாவது மாதம் சிறையில் செத்துப்போனார். நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு நாளில் வெளியே வந்தவன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் முடிவு செய்தது. யாரும் அவனிடம் செருப்பு கொடுக்கவில்லை. சடங்குகளில் எல்லோரும் ஒரு வாய் குடிக்கும் பீர்த் தகரம் கைமாறி வரும்போது அவனைத் தாண்டிப் போனது. நோமலங்காவும் அவன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் நடந்தாள். போர்வையை எடுத்தது கைப்பிழை. தெருவைக் கடந்தது கால்கள் தெரிந்தே செய்தது.

இப்போது கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே டெம்பிள்டன் நின்றிருந்தான். பழைய கோட்டு, பளபளவென்று துடைத்த செருப்பு.

"என்னப்பா டெம்பிள்டன், தலைய எண்ண வந்தியா?" என்றான் ஒருவன். "இன்னிக்கு முந்நூறு பேரு, குறிச்சுக்கோ!"

ஆண்கள் சிரித்தார்கள். டெம்பிள்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

பாட்டு முடிந்தது. போதகர் தலையசைத்தார். நோமலங்கா போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள். அதே முரட்டுக் கம்பளி. இழுத்தால் ஒரு நொடி. கைதட்டுவார்கள், குலவை எழும், சாப்பாட்டுக்குப் போவார்கள். அந்த ஆள் வேலிக்கு வெளியேயே இருப்பான்.

கை இழுக்கவில்லை. அடுத்த பாட்டைத் தொடங்கிய ஒருத்தி நிறுத்தினாள்.

"இத ஒரு தடவ எடுத்துட்டேன்" என்றாள் நோமலங்கா. "மழை வந்துச்சு. கார் நிக்கிறத மறந்துட்டு இதையும் சேத்து வாரிட்டேன். ஒரு வெள்ளைக்காரியோட விரிப்பு நனையக்கூடாதுன்னு. யாரும் காட்டிக்கொடுக்கல. டெம்பிள்டன் ஒண்ணும் பண்ணல. நான்தான்."

ஒரு குழந்தை இருமியது. நொக்வேசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட வரவில்லை, வழி தெரியாதவள்போல நின்றாள்.

"காலைல சொல்ல வந்தது இதானா?" என்றாள் கடைசியில்.

"இதான் அக்கா."

நொக்வேசி வந்து போர்வையைத் தானே எடுத்தாள். கல்லில் அவர் பெயர் இருந்தது. குலவை எழவில்லை.

டெம்பிள்டனை உள்ளே கூட்டி வந்து, சாப்பாட்டுக்கு நொக்வேசி வீட்டுக்கும் அழைத்துப் போனார்கள். சற்றுமுன் கேலி செய்தவனே கையைப் பிடித்து ஆண்களின் வரிசையில் முதலில் உட்கார வைத்தான். பீர்த் தகரம் முதலில் அவனிடம் வந்தது. அவன் நுரையைப் பார்த்தபடி வெகுநேரம் வைத்திருந்தான். குடிக்காமல் பக்கத்தில் கொடுத்துவிட்டு எழுந்து, பெண்கள் இருந்த பக்கம் வந்தான்.

"என் பொஞ்சாதி ஃபெசிவே செத்து நாலு வருஷம் ஆச்சு" என்றான். "சாகற அன்னிக்கும் கேட்டா, 'நெசமாச் சொல்லு, நீதானே'ன்னு. இல்லன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா."

நோமலங்கா எழுந்து நின்றாள்.

"நாலு வருஷம் முந்தி சொல்லியிருக்கலாம் நீ."

தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். வாசலுக்குப் போய் இடதுபக்கம் திரும்பினான். அவன் வீடு வலதுபக்கம். இடதுபக்கம் கல்லறைத் தோட்டம்; அதன் கடைசி வரிசையில்தான் ஃபெசிவேயைப் புதைத்திருந்தார்கள்.