வலது காலில் கட்டிய கட்டு

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. அக்காவுக்கு அடிபட்டது வலது முழங்காலில் என்று எழுதிவிட்டேன். இடது. பகலில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வலது கண்ணைத்தான் முதலில் குறிப்போம். அந்தப் பழக்கதோஷம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அக்காவைப் பார்த்து நான் எழுதவில்லை. அவள் படித்த கல்லூரியின் வாசலில் மாட்டியிருக்கும் படத்தை நினைத்து எழுதினேன். அதில் அவள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வலது முழங்காலில் வெள்ளைக் கட்டு.

இந்தக் கதை அந்தப் பிழையில்தான் தொடங்குகிறது. அதே பிழையைக் கல்லூரியும் செய்திருக்கிறது. நான் யோசிக்காமல் செய்தேன். அவர்கள் –

[இந்த வாக்கியத்தை முடிக்கும் தைரியம் இன்னும் வரவில்லை.]

1

கதை எழுதக் கற்கும் மாலை வகுப்புக்காக எழுதிய முதல் தொடக்கம்: ‘அவள் ஓடினால் மைதானமே கூட ஓடும்.’

அக்கா படித்தாள். “மைதானமே ஓடினா நான் எதுக்குடி ஓடணும்? உக்காந்த இடத்துலயே கோல் போட்டிருப்பேனே, எழுத்தாளரே.”

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘என் அக்கா மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவாள்.’ இது உண்மை. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கல்லூரிக் கால்பந்து அணியில் அக்கா முன்வரிசை ஆட்டக்காரி. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் இடது முழங்கால் வீங்கியது. அந்த அணியில் ஒரு தந்திரம் உண்டு: வலிக்கிற காலில் கட்டுப் போடமாட்டார்கள், நல்ல காலில் போடுவார்கள். எதிரணி கட்டைப் பார்த்து அந்தக் காலைக் குறிவைக்கும். நோவுள்ள கால் தப்பிக்கும். கோச்சே தரையில் உட்கார்ந்து அக்காவின் வலது முழங்காலில் கட்டினார்.

எதிரணி நன்றாகவே ஏமாந்தது. வலது காலைத் தட்டிவிட்டார்கள். உடம்பின் பாரம் மொத்தமும் இடது காலில் இறங்கியது. உள்ளே ஏதோ அறுந்தது. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள். கோப்பை வந்தது. கொஞ்ச நாளில் படிப்பும் முடிந்தது. பிறகுதான் கால் அவளைக் கைவிட்டது.

ஓர் அறுவை சிகிச்சை எங்கள் செலவில் ஆயிற்று. இன்னொன்று வேண்டும், அதன் பிறகும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். அதைக் கல்லூரி ஏற்க வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறாள். முடிவு செய்ய நாளை கல்லூரியின் குழு கூடுகிறது.

குழு முன்கூட்டியே சொல்லியிருப்பது இது: படத்தில் கட்டு வலது காலில் இருக்கிறது, நீங்கள் கேட்பதோ இடது காலுக்கு. ஆகவே காயம் எங்கள் மைதானத்தில் பட்டதல்ல. தவிர, படிப்பு முடிந்து போனவர்களை நாங்கள் காலமெல்லாம் கவனிக்க முடியாது.

* அக்காவின் அடிக்குறிப்பு: “என்னை அனுப்பிட்டாங்க, சரி. என் படத்தை மட்டும் ஏன் வாசல்லயே வச்சிருக்காங்க? அதுக்கு இன்னும் படிப்பு முடியலையா?”

3

கோச் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை வில்லனாக்கி, முரட்டு மீசையும் வைத்திருந்தேன். இன்று மாலை அவரே வீட்டுக்கு வந்தார். மீசை இல்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்கம்மா.”

“என்ன சார் சொல்லப் போறீங்க?” என்றாள் அக்கா.

“கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்.”

“கேக்கலேன்னா?”

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். இடது காலை. அவருக்குப் பிழை வரவில்லை.

“ரிட்டையராக ஒன்றரை வருஷம் இருக்கு. கால் வீங்கினது தெரிஞ்சே இறக்கினேன்னு ஆயிடும்.”

“தெரிஞ்சுதானே சார் இறக்கினீங்க?”

“நீதானேம்மா ஆடியே தீருவேன்னு நின்னே?”

அக்கா மறுக்கவில்லை. “ஆமா சார்” என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

[‘நீதானேம்மா’ என்ற வரியை எடுத்துவிடலாமா? அது இருந்தால் வாசகர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ?]

அக்காவிடம் கேட்டேன்.

“எடுக்காதடி. நான்தான் நின்னேன். அந்த வயசுல ஃபைனல்னா வேற என்ன சொல்லுவேன்? வேண்டாம்னு சொல்றதுக்குத்தானே ஒரு ஆளைச் சம்பளம் குடுத்து வச்சிருந்தாங்க.”

வரி இருக்கிறது.

4

முடிவு (அ): குழு கேட்கிறது. கோச் சொல்கிறார். எல்லோரும் எழுந்து நின்று – சினிமா. வேண்டாம்.

முடிவு (ஆ): படம் மேசையைச் சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் கட்டைப் பார்க்கிறார்கள். கோச் ஜன்னலைப் பார்க்கிறார். அக்கா பின்பக்கமாக –

இதை என்னால் எழுத முடியவில்லை.

வகுப்பாசிரியர் முடிவில்லாத கதைக்கு மதிப்பெண் குறைப்பார். குறைக்கட்டும். குழுவில் ஒரு நாற்காலியை உங்களுக்குப் போடுகிறேன், உட்காருங்கள். எந்தக் காலில் கட்டு, எந்தக் காலில் காயம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். தெரியாது என்று கல்லூரி சொல்லலாம். நீங்கள் சொல்ல முடியாது.

நாளை: கடைக்கு விடுப்பு. பத்து மணிக்குக் குழு அறை, இரண்டாம் மாடி. “இந்தக் கட்டைக் கட்டினது யாரு சார்?” என்ற கேள்வியை யாரும் கேட்காவிட்டால் அக்காவே கேட்பாள். படி ஏறும்போது நான் அவளுக்கு இடப்பக்கம் வர வேண்டும்.