படிக்கட்டுக்கு ஒரு பல்பு

பொட்டலத்தைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்க்க முடியாமல் அக்கா பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கடைப்பெண் அதை ஐந்திதழ்ப் பூவாக முடிந்து கொடுத்திருந்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிற்றே அன்றி நெகிழவில்லை.

"அம்மா உசிரு கூட இவ்வளவு நேரம் தங்கலடா. இந்த நாடாவுக்கு இருக்கிற பிடிவாதத்தைப் பாரேன்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது போலும். நாடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கத்தரிக்கோல் எங்கடா?" என்றாள்.

தம்பி அசையவில்லை. அவன் மனைவிதான் தேடி எடுத்து வந்தாள். நாடா அறுந்தது, தாள் கிழிந்தது, அரக்கு நிறக் கம்பளிச் சால்வை மடிப்புக் குலையாமல் அக்காவின் மடியில் வந்து விழுந்தது. அதனோடு ஒரு சிறிய அட்டையும் விழுந்தது. 'அம்மாவுக்கு, விடுமுறை வாழ்த்துகளுடன்.' அக்கா அதைப் படித்து, என்ன செய்வதென்று அறியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பெண்கள் இருவருமாகச் சால்வையை விரித்து, கட்டிலில் கிடத்தியிருந்த அம்மாவைக் கழுத்து வரை போர்த்தினார்கள்.

"நல்ல நிறம்டா. அவளுக்குப் புடிச்சிருக்கும்."

அந்த நிறத்துக்காகக் காலையில் அவன் ஒரு மணி நேரம் நின்றிருந்தான். அரக்கா, சாம்பலா என்று தெளிய இயலாமல், ஒன்றை வலத்தோளிலும் மற்றதை இடத்தோளிலும் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா என்ன நிறம் சார், மாநிறமா?" என்றாள். "என்னைவிட ஒரு பங்கு வெளுப்பு" என்று அரக்கை எடுத்துக் கொடுத்தான். அவள் நாடாவை முடிந்துகொண்டிருக்கையில் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மணி ஒன்பதே முக்கால். அம்மா விழுந்து அப்போது ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே வீடு, இடையே இரு சுவர்களுக்குள் பொதிந்த பதினான்கு படிகள். ஒன்பதாம் படியில் படிக்கட்டு திரும்பும், சன்னல் கிடையாது. கடை திறந்திருக்கும் நாட்களில் கீழிருந்து வெளிச்சம் ஏறி வரும். கீழே படிகள் முடியும் இடத்துக்கு நேரெதிரே, கண் சோதிக்கும் எழுத்துப்பெட்டி சுவரில் இருந்தது. உள்ளே விளக்கெரியும் பால்வெள்ளைப் பெட்டி அது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'ட'. கீழே வர வர எழுத்துகள் சிறுத்து, எட்டாம் வரியில் கடுகாகிவிடும். ஒன்பது மணிக்கு அம்மா இறங்கி வந்து பெட்டியின் அருகிலிருந்த மர நாற்காலியில் உட்காருவாள். அப்பா போன நாள் தொட்டுப் பதினோரு ஆண்டுகளாக அந்த நாற்காலி அவளுடையது.

இன்று ஆண்டிறுதி விடுமுறையின் முதல் நாள். கடை பூட்டிக் கிடந்தது.

"நான்தான் ஷட்டரைத் தட்டினேன்."

பக்கத்துக் கடைத் தையற்காரர் காலையிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கண்ணாடிக் கால் கழண்டுபோச்சு. லீவுன்னு தெரியாது. ரெண்டு தட்டு தட்டினேன். 'இதோ வரேன்ப்பா'ன்னு அம்மா படியிலேர்ந்தே குரல் குடுத்தாங்க. அவ்வளவுதான். அடுத்து கேட்டது குரல் இல்ல." கழன்ற கண்ணாடிக் காலை இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்தார், பேசும்போதெல்லாம் கை அதைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

அவரும் அவன் மனைவியுமாகத்தான் அம்மாவைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். தெருமுனை மருத்துவர் வந்து பார்த்தார். "கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு. வலி தெரிஞ்சிருக்காது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் புரியல" என்று தையற்காரர் அவன் பக்கம் திரும்பினார். "எண்பது வயசுலயும் கடைசி வரி வரைக்கும் படிப்பாங்கன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லிப் பூரிப்பீங்க. எனக்கே அம்மாவைக் காட்டித்தான் கண்ணாடியை மாட்டிவிட்டீங்க. அந்தக் கண்ணுக்கா படி தெரியாமப் போச்சு?"

"கால் இடறியிருக்கும்" என்றான்.

அவர் சொன்னது மெய். ஐந்தாம் வரியில் திணறி, "இதெல்லாம் யாரால சார் படிக்க முடியும்?" என்று யாரேனும் அலுத்துக்கொண்டால், அவன் திரும்பாமலே குரல் கொடுப்பான்: "அம்மா, கடைசி வரி?" நாற்காலியிலிருந்து எழாமல், கழுத்தை மட்டும் பெட்டியின் பக்கம் திருப்பி, அம்மா அடுக்குவாள்: "ர, ப, ய, ட, ல, க, ம." வந்தவர் திரும்பி நாற்காலியைப் பார்ப்பார். "கண்ணாடிக்காரன் பெத்தவ ஆச்சே, கண்ணு மங்கினா அவன் கடை மங்கிடாதா?" என்று அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கடையே சிரிக்கும்.

மணி ஐந்தைத் தாண்டிற்று. அமரர் வண்டி ஆறு மணிக்கு வரும் என்றார்கள். அவன் சுவரில் சாய்ந்து நின்று, சால்வையின் மேல் எடுத்து வைத்த அம்மாவின் கைகளைப் பார்த்தான். இடக்கையில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய விடுமுறைப் பரிசு: கைக்கடிகாரம். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தாநாள் இரவு, சாப்பாட்டு மேசையில் அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"லீவுக்கு என்னம்மா வேணும்? சும்மா 'ஒண்ணும் வேணாம்'னு சொல்லாதே."

"சொல்லல. படிக்கட்டுக்கு ஒரு பெரிய பல்பு போட்டுக் குடு."

மனைவி வாயில் வைத்த சோற்றோடு சிரித்தாள். "அத்தை, அம்மாவுக்கு மகன் பல்பு குடுத்தான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமேடி. வெளிச்சத்துல நின்னுதானே சிரிப்பாங்க?"

"விளையாடாதேம்மா" என்றான் அவன். "பல்பெல்லாம் ஒரு பரிசா?"

"கடை திறந்திருக்கிற நாள்ல கவலையில்லப்பா. கீழேர்ந்து வெளிச்சம் வருது. இந்த லீவு பத்து நாளும் கெணத்துல எறங்கற மாதிரி இருக்கும்."

"லீவுல நீ எதுக்கு எறங்கணும்? மேலயே ராணி மாதிரி உக்காரு. குளிருக்கு ஒரு நல்ல சால்வை வாங்கித் தரேன்."

அம்மா மறுக்கவில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லி, தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள். தட்டில் சோறு மிச்சமிருந்தது. வயதானால் பசி குறையும் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

"டேய்" என்றாள் அக்கா. "அவ தினமும் படிக்கிற பாட்டைப் படிடா. வண்டி வர்றதுக்குள்ள. அந்தப் புஸ்தகம் எங்க?"

புத்தகம் தலையணையின் கீழே இருந்தது. போன ஆண்டின் பரிசு. பெரிய எழுத்தில் அச்சிட்ட பழைய துதிப்பாடல்கள். கடையிலேயே தாள் சுற்றி வாங்கி, அப்படியே அம்மாவின் கையில் கொடுத்தது. அன்று முதல் ஒரு மாலை தவறாமல் அம்மா விளக்கடியில் அமர்ந்து உரக்கப் படிப்பாள். கீழே கணக்கு முடித்துவிட்டு அவன் ஏறி வரும்போது அந்தக் குரல்தான் எதிர்கொள்ளும்.

*நீர்மேல் எழுத்தாய் நின்றஎன் நாளை*
*யார்மேல் வைப்பேன், ஐய, நின் தாள்அலால்?*

அவனுக்கு இந்த இரண்டு வரிதான் தெரியும். எஞ்சியதைக் கற்க அவசியம் நேர்ந்ததில்லை. படிக்க அம்மா இருந்தாள்.

அடையாளக் கயிறு கிடந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தான். பக்கம் வெண்மையாக இருந்தது. பக்க எண் கூட இல்லை. தவறி விரித்துவிட்டோம் என்று அடுத்ததைப் புரட்டினான். அதுவும் வெண்மை. அடுத்தது, அதற்கடுத்தது. தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு அச்சகத்தார் விட்டுவிட்ட பதினாறு பக்கங்கள், ஒரு புள்ளி மை படாமல், நூற்றுப்பன்னிரண்டு வரை நீண்டு கிடந்தன. அவற்றின் கீழ் ஓரங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழுத்திருந்தன.

நேற்று மாலை அவன் இந்தக் கதவருகில்தான் நின்றான். அம்மாவின் சுட்டுவிரல் வரியைத் தொட்டுச் சென்றது. வரி முடியும் இடத்தில் நின்றது. அடுத்த வரிக்கு மீண்டது. பாட்டின் நடுவே, உரிய இடத்தில், பக்கமும் புரண்டது. பெரிய எழுத்தாகப் பார்த்து வாங்கினேன் அல்லவா என்று அவன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

"என்னடா நிக்கறே?" அக்காவின் குரல் வெகு தொலைவிலிருந்து வந்தது. "கண்ணாடி வேணுமா?"

அவன் தலையை அசைத்தான். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்பது அவனுக்கே விளங்கவில்லை.

விழித்திரையின் நடு தேய்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது. கருமணி தெளிந்த சுனைநீர் போலவே இருக்கும். எதிரே இருக்கும் முகமும் தாளிலிருக்கும் எழுத்தும் மட்டும் அழிந்துபோகும். ஓரங்கள் எஞ்சும், வெளிச்சமிருந்தால் அந்த ஓரங்களைப் பற்றிக்கொண்டு நடமாடிவிடலாம். எத்தனையோ முதியவர்களின் பிள்ளைகளுக்கு அவனே இதை வரைந்து காட்டியிருக்கிறான். 'ஆரம்பத்திலயே கூட்டிட்டு வந்திருக்கணும்' என்று கடிந்தும் இருக்கிறான்.

கடிகாரம் கையில் இருக்கும்போதே, "மணி என்னப்பா?" என்று கேட்பாள் அம்மா. எழுத்துப்பெட்டிக்குப் புதுத்தாள் வாங்கி வந்தபோது, "பழசே இருக்கட்டுமே, கண்ணுக்குப் பழகினது" என்று பிடிவாதம் பிடித்தாள். அவனும் புதியதைச் சுருட்டி மேலே வைத்துவிட்டான். ஆண்டுதோறும் அந்தப் பழைய தாளை வைத்தே அவள் கண்ணைச் சோதித்தான். ஊரார் நாள் முழுதும் உரக்கப் படித்ததைப் பதினோரு ஆண்டுகள் கேட்ட செவி, ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தது. அந்த ஒப்பித்தலுக்கு அளவெடுத்து அவன் லென்ஸ் இழைத்தான்.

பேசும்போது அம்மா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. காதோரமாகப் பார்த்துப் பேசுவாள். முதுமையின் கனிவு என்று எண்ணியிருந்தான். ஓரக்கண்ணால் அவன் முகத்தைத் தேடியிருக்கிறாள். எத்தனை ஆண்டுகளாகத் தேடினாள், ஒரு நாளேனும் அகப்பட்டதா என்பதை இனி யாரைக் கேட்பது?

கேட்டது ஒரே ஒரு பல்பு.

"படிக்க முடியலக்கா" என்றான்.

"விடு" என்றாள் அக்கா. அவன் அழுகிறான் என்று நினைத்து, புத்தகத்தை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கி, திறந்து பாராமல் அம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். "அவளுக்கு இல்லாத பாட்டா? எல்லாம் அவ நெஞ்சுல இருக்கு."

வண்டி வந்துவிட்டது. நான்கு பேர் மேலே வந்தார்கள். அம்மாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, சால்வையின் நான்கு முனைகளையும் உள்ளே செருகினார்கள். முன்னே நின்றவர் படிக்கட்டின் வாயில் ஒரு காலை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"சார், இங்க லைட் இல்லையா? ஒண்ணுமே தெரியலயே."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மனைவி அவனைப் பார்த்தாள். முந்தாநாள் சிரித்த வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இருங்க" என்று அவன் முன்னே இறங்கினான்.

சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் தானாக எண்ணிற்று. அம்மாவும் இறங்கும்போது ஏதோ முணுமுணுப்பாள். துதி சொல்கிறாள் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காலையில் அந்த எண்ணிக்கை எத்தனையில் நின்றதோ, எந்தப் படியில் அதை விட்டுவிட்டு, 'இதோ வரேன்ப்பா' என்று குரல் கொடுத்தாளோ. ஒன்பதில் திரும்பினான். பத்து. பதினொன்று.

அடியில், கைக்கு எட்டிய முதல் ஸ்விட்சைப் போட்டான். எதிர்ச்சுவரில் எழுத்துப்பெட்டி இரு முறை இமைத்து எரிந்தது. பால்வெள்ளை வெளிச்சம் மர நாற்காலியைக் கடந்து, படிப்படியாக ஏறி, திருப்பம் வரை சென்றது.

"தெரியுதா?" என்று மேலே பார்த்துக் கேட்டான். நாள் முழுதும் கடையில் கேட்கும் அதே குரலில்தான் கேட்டான்.

"தெரியுது சார். இப்போ நல்லா தெரியுது."

அவர்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் படியைக் கடந்து, கடையைக் கடந்து, தெருவில் வண்டியின் கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும் வரை, அவன் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.